மகளுக்காகக் கொடுத்த ரத்தம்

திருப்பதியில் நுரையீரல் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக நோயாளிகளிடம் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மாவைச் சந்தித்தேன். ராமகுப்பம் பக்கம் பட்டுக்கூடு வேகவைத்து நூல் எடுப்பவர். எலும்பும் தோலுமாக இருந்தார். மூச்சு வாங்கினாலும் உட்காராமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துகொண்டே இருப்பார்.

"நான் பீடி, சுருட்டு தொட்டதே இல்ல சார். இது எப்டி வந்துச்சு?"

"தெரியலம்மா. நம்ம செல்லுக்குள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.ன்னு சின்னச் சின்னத் துணுக்குங்க இருக்கு. வளர்ச்சியை அடக்கி வைக்கிறது சிலதோட வேலை. அது குறைஞ்சா செல் கண்டபடி பெருகும். அதைத்தான் ரத்தத்துல தேடறோம்."

"எம் பொண்ணு ஸ்ரீ சிட்டி கம்பெனில வேலைக்கி போய்க்கினு கீறா. அவளுக்கும் வருமா?"

"இப்போ சொல்ல முடியாதும்மா. ஆராய்ச்சி முடிய வருஷக்கணக்காகும்."

அடுத்த வாரம் யாரும் கூப்பிடாமலே வந்து கையை நீட்டினார். ஒரு முறை எடுத்ததே போதும் என்றேன்.

"அது எனக்காகக் குட்த்தது சார். இது எம் பொண்ணுக்கு. எட்த்துக்கோ."

மகளுக்கு வருமா என்பதற்கு இவர் ரத்தத்தில் பதில் இருக்காது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, எடுத்துக்கொண்டேன். அவர் போன பிறகு, அந்தக் குழாயின் மேல் யார் பெயரை எழுதுவது என்று தெரியாமல் வெகுநேரம் நின்றேன்.