டிரைவருக்குப் பின் சீட்டு

புதுக் காருக்குப் பூஜை போடத் திருநீர்மலைக்குப் போயிருந்தோம். அடிவாரத்தில் ஓர் ஒல்லியான மனிதர், யாரும் கேட்காமலேயே வண்டியைச் சுற்றி வந்தார். கதவை விரல் முட்டியால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார்.

"தகரத்துல மிச்சம் புடிச்சி, அந்தக் காசுல பெரிய டச் ஸ்கிரீன் வெச்சிகீறான் சார். நாம இன்னா பாக்கறோம்? ஸ்கிரீனத்தான்."

வேறு கம்பெனிக்குத் தரகராக இருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம். அர்ச்சகர் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்ததும், வண்டிக்கு முன்னால் நின்ற என் மனைவியை அந்த ஒல்லி மனிதர் விலகச் சொன்னார். "பழத்து மேல ஏத்தறப்பதான் பிரேக்குனு நெனச்சி ஆக்ஸிலேட்டர மிதிச்சிடுவாங்க மேடம்."

எனக்கு எரிச்சலாக வந்தது. "நீங்க என்ன வண்டி வெச்சிருக்கீங்க?" என்றேன்.

"பஸ்ஸுதான் சார். அதுலயும் டிரைவருக்குப் பின்னாடி சீட்டு. ஆபத்துன்னா எவனும் மொதல்ல தன் பக்கத்தத்தான் காப்பாத்திக்குவான்."

நான் ஏறி வண்டியை நகர்த்தினேன்; பழம் நல்லபடியாக நசுங்கியது. வயிற்றெரிச்சல் பிடித்த ஆள் என்று சிரித்துக்கொண்டே, உள்ளிருந்தபடி இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டேன். என் மனைவி அதைப் பார்க்காதவள்போலச் சுற்றி வந்து, எனக்கு நேர் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.