பெரியப்பா பெயரில் பட்டாளத்துக்குப் போனவர்

போன வருடம் வரைக்கும் எங்கள் அப்பாவை அவருடைய சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. தெருவில் ‘மிலிட்டரி’ என்பார்கள். அம்மாவுக்கு ‘ஏங்க’. அண்ணன்காரர் என்ற முறையில் பெரியப்பாவுக்கு ‘டேய்’. பட்டாளத்தில் லாரி ஓட்டிய இருபது வருடமும் அவரைப் பெரியப்பாவின் பெயரில்தான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரில்தான் அவர் சேர்ந்திருந்தார்.

ஆள் எடுக்க வந்த சமயத்தில் அப்பாவுக்கு வயது பத்தவில்லை. பெரியப்பாவுக்கு வயது இருந்தது, கால்தான் சரியில்லை. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிவிட்டது. அப்போதே தையல்கடையில் உட்கார்ந்துவிட்ட அவர், தன் பள்ளிச் சான்றிதழை எடுத்துத் தம்பி கையில் கொடுத்தார். “துணி வெட்டறவன்கிட்ட யாரும் சர்டிபிகேட் கேக்க மாட்டாங்க, நீ வச்சுக்கோ” என்றாராம். ஒருத்தர் சட்டையை இன்னொருத்தர் போட்டுக்கொள்கிற விஷயமாகத்தான் இரண்டு பேரும் அதை நினைத்தார்கள். வீட்டுக்குத் தெரியவந்தபோது அப்பா ரயில் ஏறியிருந்தார்.

திரும்பி வந்த பிறகு பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். ராணுவக் காகிதத்தில் ஒரு பெயர், மற்றதிலெல்லாம் ஒரு பெயர் என்று எப்படியோ காலம் ஓடிவிட்டது. முழங்கால்தான் மாட்டிவிட்டது. இரண்டும் தேய்ந்துபோய், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்கே போனார். ராணுவ ஆஸ்பத்திரியில் மாற்றித் தருவார்கள் என்று கூட்டிக்கொண்டு போனேன். அங்கே கைரேகை வைத்ததும் கம்ப்யூட்டரில் அப்பாவின் சொந்தப் பெயர் வந்தது. ராணுவக் கார்டில் பெரியப்பா பெயர்.

“இந்தக் கார்டுக்காரர் எங்க?”

“நான்தான்.”

“அப்ப இந்த ரேகை யாரோடது?”

“அதுவும் நான்தான்.”

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ராணுவ ஆவண அலுவலக அதிகாரி நிதானமானவர். இப்படிச் சேர்ந்தவர்கள் வேறு சிலரும் உண்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார். பெயருக்குச் சொந்தக்காரர் நேரில் வந்து, பட்டாளத்தில் இருந்தது நானில்லை, என் தம்பி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டால் திருத்திவிடலாம். அதன் பிறகு ஆபரேஷன்.

பெரியப்பா வரவில்லை. முதலில் யூனிபார்ம் ஆர்டர் தலைக்கு மேல் கிடக்கிறது என்றார். பிறகு கண்ணாடி உடைந்துவிட்டது என்றார். கண்ணாடி அவர் மூக்கின் மேலேயே இருந்தது. எனக்குப் பொறுமை போய், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று கடைக்குப் போனேன்.

“உங்களுக்கென்ன பெரியப்பா, உக்காந்த எடத்துல காலத்த ஓட்டிட்டீங்க. எங்கப்பா நடக்கவே வேணாமா?”

அவர் மெஷினை நிறுத்தவில்லை. காலரை மடித்துத் தைத்து முடித்து, நூலை அறுத்த பிறகுதான் பேசினார்.

“தந்தி வந்தப்போ நீ பொறக்கல. சண்டையில செத்துட்டார்னு போட்டிருந்துச்சு. என் பேரு. நானேதான் வாசல்ல நின்னு கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கொண்டுவந்தவரு என்னை மேலயும் கீழயும் பாத்தாரு.”

எனக்கு அது தெரியும். லாரி எரிந்துபோனதைப் பார்த்து, ஓட்டியவரும் போய்விட்டார் என்று கணக்கெழுதிவிட்டார்கள். அப்பா வேறு முகாம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதை வீட்டில் சிரித்துச் சிரித்துச் சொல்லித்தான் நான் கேட்டிருக்கிறேன்.

“சாவு அவனைத் தேடித்தாம்மா வந்துச்சு” என்றார் பெரியப்பா. “பேரைப் பாத்துட்டு இங்க வந்துருச்சு. இங்க நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். ஆள் இவன் இல்லயேன்னு திரும்பிப் போயிருச்சு. இப்ப மயக்க மருந்து குடுத்துப் படுக்க வைக்கப்போறாங்க. சொந்தப் பேர்ல போய்ப் படுக்கச் சொல்றியா அவனை?”

சுயநலம் என்று அவரை நினைத்தேனே என்று வெட்கமாக இருந்தது. அதற்காக அப்பாவை அப்படியே விட்டுவிடவும் முடியாது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி கடை வரைக்கும் நடந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

“அண்ணே, இருபது வருஷமும் நான் பயந்துதான் ஓட்டினேன். எனக்கு எதாச்சும் ஆனா உன் பேருல்ல போயிடும். வரிசையில என் லாரிதான் எப்பவும் கடைசி. ‘மாட்டுவண்டி’ன்னு கேலி பண்ணுவாங்க. போதும்ணே. கிழியாம, கறைபடாம கொண்டுவந்துட்டேன். வாங்கிக்கோ.”

பெரியப்பா கத்தரியை எடுத்தார், வைத்தார். “சட்டையா இருந்தா பட்டன் எல்லாம் இருக்கான்னு பாத்து வாங்கிக்குவேன்” என்றார். மறுநாள் கடையைத் திறக்கவில்லை.

அலுவலகத்தில் அதிகாரி பெரியப்பாவின் பெயரைக் கூப்பிட்டார். அப்பா முழங்கால் வலியை மறந்து விறைப்பாக எழுந்து நின்றுவிட்டார். பெரியப்பா கைத்தடியை ஊன்றி எழ நேரமாயிற்று. அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அவனை உக்காரச் சொல்லுங்க சார். அது என் பேரு” என்றார் பெரியப்பா. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

புதுக் கார்டு வந்தது. ஆபரேஷனுக்குக் குறித்த நாளில் மூன்று பேரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் கதவைத் திறந்து அப்பாவின் பெயரைக் கூப்பிட்டாள். அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் கூப்பிட்டாள். அவர் அசையவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா அப்பாவின் கையைப் பிடித்தார். பிடித்தவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே இருந்துவிடுவாரோ என்று எனக்குத் தோன்றியது. மூன்றாவது தடவையும் நர்ஸ் கூப்பிட்டாள்.

“எழுந்திருடா” என்றார் பெரியப்பா. “உன்னத்தான் கூப்பிடறாங்க.”

அப்பா எழுந்து போய்ச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தார். நர்ஸ் தாளைப் பார்த்துக்கொண்டே, கூட வந்திருப்பவர் யார் என்று கேட்டாள். மகள் நான்தான் என்று சொல்லப்போனேன். அதற்குள் பெரியப்பா கைத்தடியை ஊன்றி எழுந்து, வராந்தா முழுக்கக் கேட்கும்படி தன் பெயரைச் சொன்னார்.

“அவன் பேருக்குப் பக்கத்துலயே எழுதும்மா” என்றார்.