கூடாரத்தில் காத்திருந்த மிரேலா

என் அக்கா வீட்டுக்காரர் கிருபாகரனுக்கு ஒரு காதலி இருந்தாள். பெயர் மிரேலா. வாள் வீச்சில் கெட்டிக்காரி, வெள்ளிக் கவசம், இடுப்பு வரை செம்பட்டை முடி. நான் கொடுத்த பழைய லேப்டாப்பில், ஒரு விளையாட்டுக்குள் குடியிருந்தாள்.

மாமா வெள்ளானூர்க்காரர். குடும்பத்து நிலத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. அந்த மாடிகளுக்குத்தான் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் தண்ணீர் கேன் போடுகிறார். பார்க்க ஆள் முரடு, மனசு வெண்ணெய். பொண்டாட்டியை வெயில் படாமல் வைத்திருக்கிறோம் என்று அவருக்கு ஏகப் பெருமை. அக்கா சுலோசனாவுக்கோ அதுதான் பெரிய எரிச்சல். அடம்பிடித்து வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் வாங்கிவிட்டாள். அவரோடு வண்டியில் போகவேண்டும், தானும் ஓட்டவேண்டும் என்பது அவள் ஆசை. மாமா சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "நீ இன்னாத்துக்கு சுலோ லோல்படணும்? அதான் நான் கீறேன்ல" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். அவள் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களிடம் கோபத்தைக் காட்டுவாள்.

மத்தியான லோடு முடிந்ததும் மாமா விளையாட உட்காருவார். பூதங்களும் மந்திரவாதிகளும் திரியும் ராஜ்ஜியம் அது. கூட்டாளிகளில் சிலரைச் சண்டைக்குக் கூட்டிப் போகலாம். மற்றவர்கள் கூடாரத்தில் இருப்பார்கள். பிடித்த ஒருத்தரைக் காதலிக்கவும் செய்யலாம். வசனமெல்லாம் இங்கிலீஷ், அதுவும் எழுத்தில்தான் வரும். மாமாவுக்கு இங்கிலீஷ் வராது. அதனால் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, கீரை ஆய்ந்தபடியே மிரேலா சொல்வதைத் தமிழில் சொல்வாள். புருஷனின் காதலுக்குப் பொண்டாட்டியே தூது போகிற வீட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"மச்சான், தலைக்கு எண்ண வெச்சியான்னு கேக்குறாடா மிரேலா! வெள்ளக்காரிக்கு இன்னா பாசம் பாரு" என்று ஒருநாள் எனக்குப் போன் போட்டுப் பூரித்தார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அவர் காதலித்த விதமே தனி. ராஜ்ஜியத்திலேயே உயர்ந்த வாள், கவசம், பூங்கொத்து என்று மிரேலாவுக்கு வாரி வழங்குவார். சண்டைக்கு மட்டும் கூட்டிப் போகமாட்டார். அடிபட்டுவிடுவாளாம். ஒரு கிழட்டுக் குள்ளனை இழுத்துக்கொண்டு போய், பூதத்திடம் செம உதை வாங்கிக்கொண்டு திரும்புவார்.

"மாமா, கூட கூட்டினு போனாத்தான் அவளுக்கு உங்க மேல ஆசை வளரும். கேமையே அப்டித்தான் எழுதிக்கீறாங்க" என்றேன்.

"போடா. பொம்பளைய பூதத்தாண்ட தள்ளிட்டு நான் வேடிக்க பாக்கணுமா?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, நான் குடியிருக்கும் ஐயப்பன்தாங்கலில் இருந்து அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். வழக்கம்போல் உதை வாங்கிக்கொண்டு மாமா கூடாரத்துக்குத் திரும்பினார். மிரேலா மூட்டை கட்டிக்கொண்டு நின்றாள். திரையில் எழுத்து வந்தது. மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னா சொல்றா?"

அக்கா கீரையைக் கீழே வைத்தாள். "போறாளாம்."

"ஏன்? நான் இன்னா கொற வெச்சேன்?"

அக்கா திரையைப் பார்த்தபடி சொன்னாள். "'வாள் குடுத்த, கவசம் குடுத்த. எல்லாத்தையும் வெச்சிகினு உள்ளயே குந்துன்னு சொல்லிட்ட. நீ ஒடம்பு ஒடிஞ்சி வர்றத தெனம் வாசப்படில நின்னு பாக்குறேன். உன் முதுகுக்கு தைலம் தேய்க்க மட்டும் நான் வேணும். உன் பக்கத்துல குந்திகினு வர நான் வேணாமா? எனக்கு நெழலு வேணாய்யா, நீதான் வேணும்.' இப்டி சொல்றா." கடைசியில் அவள் குரல் கம்மிவிட்டது.

நான் திரையைப் பார்த்தேன். 'நீ என்னை எங்கேயும் கூட்டிப்போவதில்லை. விடிந்ததும் கிளம்புகிறேன்.' இரண்டே வரிதான். அதில் தைலமும் இல்லை, வாசப்படியும் இல்லை. இத்தனை நாளாக மிரேலா பேரில் என் அக்காதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

போக விடலாம், கூட வரச் சொல்லலாம் என்று கீழே இரண்டு பதில்கள் இருந்தன. அக்கா அதையும் தமிழில் சொன்னாள். மாமா இரண்டாவதை அழுத்தினார். மிரேலா மூட்டையை இறக்கினாள்.

அவர் எழுந்து போய் ஆணியிலிருந்த சாவியை எடுத்துவந்து அக்கா மடியில் போட்டார். "சாய்ங்காலம் லோடு கீது. நீ ஓட்டு. நான் கேன் எறக்குறேன்."

"இன்னாங்க இது, திடீர்னு?"

"எனக்கு இங்கிலீஷுதான் தெரியாது சுலோ. கண்ணு தெரியும்ல? அவ ரெண்டு வரி சொன்னா நீ அரை மணி நேரம் சொல்ற."

அக்கா சடாரென்று நிமிர்ந்தாள். "அப்போ... தெரியுமா?"

"மொத நாள்லேந்தே தெரியும். நேர்ல நீ என்னாண்ட இப்டிலாம் பேசறதே இல்ல. அதுக்குத்தான தெனம் இத தொறந்து வெச்சிகினு குந்துறேன்."

அக்கா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. மாமா பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் குட்டியானை கிளம்பியது. அக்கா கெத்தாக ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். பக்கத்தில் மாமா, தெருமுனை வேகத்தடை வருவதற்குள்ளேயே கண்ணை மூடிக்கொண்டார். வீட்டில் பாதி ஆய்ந்த கீரையோடு நான் மட்டும் மிச்சம்.