வேப்பூரில் இறங்கும் வலி

"வலி பத்துக்கு எத்தனைங்க சார்?" என்று பிசியோதெரபிஸ்ட் பிரபா கேட்டால், சக்கரபாணி எண் சொல்வதில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "இப்பதாம்மா நல்லூர் தாண்டுது" என்பார். கையை இன்னும் கொஞ்சம் தூக்கினால், "வேப்பூரு... வேப்பூரு வந்துடுச்சு!"

விருத்தாசலத்திலிருந்து நல்லூர், வேப்பூர் வழியாகத் திட்டக்குடி போகும் தனியார் பஸ்ஸில் அவர் இருபத்தாறு வருஷக் கண்டக்டர். போன தை மாதம் இடது தோள்பட்டை இறுகிப்போனது. சுகர்காரர்களுக்கு இது வருமாம். சட்டை மாட்டிவிடவே மனைவி அன்புக்கரசி வர வேண்டியிருந்தது; பிறகு பஸ்ஸின் மேல்கம்பியை எங்கே பிடிப்பது? முதலாளி ராஜ்மோகன் நல்ல மனிதர்தான். ஆனாலும், "ஆடி முடியறவரைக்கும் உங்க எடம் இருக்குதுண்ணே. அதுக்குள்ள கம்பியப் புடிச்சிக் காட்டிடுங்க" என்று கெடு வைத்துவிட்டார்.

முட்டி வலிக்காக நானும் அதே இடத்துக்குப் போகிறவன். பக்கத்துக் கட்டிலில் கிடந்து எல்லாவற்றையும் பார்த்தேன். முதல் வாரம் மனிதர் வீம்புக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு திட்டக்குடி வரைக்கும் போய்விட்டார். ரெண்டு நாள் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை.

"மூச்ச அடக்கினா தசை இன்னும் இறுகிடும் சார். வேப்பூரோட எறங்கிடணும்" என்று பிரபா கண்டித்தார்.

மறுநாள் சக்கரபாணி விசிலோடு வந்தார். வாயில் விசில் இருந்தால் மூச்சை அடக்க முடியாது, ஊதித்தான் ஆக வேண்டும். ஒரு விசிலுக்குப் பிரபா கையை அப்படியே நிறுத்த வேண்டும். ரெண்டு விசிலுக்கு மேலே தூக்கலாம். "டிரைவரு யாரா வேணா இருக்கட்டும்மா, வண்டி என் விசிலுக்குத்தான் நிக்கும்" என்பார். தான் சொன்ன இடத்தில் வலி நிற்கிறது என்பதே அவருக்குப் பாதி மருந்து. எனக்கோ, முட்டியில் பிரபா கை வைப்பதற்குள்ளேயே திட்டக்குடி வந்துவிடும்.

முதலில் வெந்நீர் ஒத்தடம், முடிந்ததும் ஐஸ். வீட்டில் சுவர்மேல் விரல்களை நடக்கவிட்டு, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுவார். சித்திரையில் கோடு காதுக்கு நேராக முரண்டு பிடித்து நின்றது. ஆனியில் காலண்டர் ஆணியைத் தாண்டிய அன்று எனக்கு வடையும் டீயும் வாங்கித் தந்தார். பொறாமையாகத்தான் இருந்தது, இருந்தாலும் தின்றேன்.

ஆடிக் கடைசி வெள்ளி, அவர் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், நானும் அந்த பஸ்ஸில் ஏறினேன். நல்ல கூட்டம். பழைய பயமோ என்னவோ, மேல்கம்பியைத் தொடாமல் சீட்டு முதுகுகளைப் பிடித்துப் பிடித்தே வந்தார். முதலாளி வைத்த கெடு முடிய இன்னும் சில நாள்தான். திடீரென்று டிரைவர் பிரேக் போட்டார். மேல்தட்டில் இருந்த ஓர் அட்டைப்பெட்டி சரிந்தது.

"ஐயோ, பீங்கான் பொம்மைங்க!" என்று ஓர் அம்மாள் அலறினாள்.

யாரும் எழுவதற்குள் சக்கரபாணியின் இடது கை மேலே போய்ப் பெட்டியைத் தாங்கியது. மெல்ல உள்ளே தள்ளி வைத்தது.

"ஒண்ணும் ஆவலம்மா, உக்காருங்க" என்றார்.

கையை இறக்கவில்லை. அப்படியே மேல்கம்பியைப் பற்றி, ஒரு இடத்திலும் விடாமல் உருவிக்கொண்டே, கடைசி சீட்டு வரைக்கும் நடந்தார்.