மஞ்சளா, சிவப்பா?

1997-ஆம் வருடம். மாற்றலாகி டெல்லிக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு ஞாயிறு காலை, கரோல் பாகில் ஒரு கல்யாணத்துக்கு மனைவியைப் பின்னால் உட்கார வைத்து ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு சிக்னலைத் தாண்டியதும் போக்குவரத்துக் காவலர் மறித்தார். சிவப்பு விளக்கில் வந்தேனாம். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு அபராதச் சலானைக் கிழித்துக் கொடுத்துவிட்டார்.

கோர்ட்டில் அபராதம் கட்டி லைசென்ஸை வாங்கிக்கொள்ளலாம். தப்பு செய்யவில்லை என்றால் வாதாடலாம். கட்டிவிட்டு வேலையைப் பார் என்றார்கள் அலுவலகத்தில். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். நான் தாண்டும்போது மஞ்சள்தான் எரிந்தது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அந்தச் சந்திப்பை வரைபடமாகக்கூடப் போட்டு வைத்தேன்.

எனக்கு ஹிந்தி தகராறு. மனைவி டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். கறிகாய்க்காரரிலிருந்து வீட்டுக்காரர் வரை எனக்காகப் பேசுவது அவள்தான். கோர்ட்டுக்கும் கூட்டிப்போனேன். வராந்தாவில் நின்று, என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்தினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அச்சா, நீங்க சொல்றத அப்படியே ஹிந்தியில சொல்லிடறேன். ஆனா நீ என்ன பார்த்தேன்னு ஜட்ஜ் என்னைக் கேட்டா, சிவப்புன்னுதான் சொல்வேன். நிறுத்துங்கன்னுதானே அன்னிக்குத் தோளைத் தட்டினேன்?"

தட்டியது ஞாபகம் இருந்தது. முகூர்த்தத்துக்கு நேரமாகிறது, ஜல்தி போகச் சொல்கிறாள் என்றல்லவா நினைத்தேன்! ஏன் இத்தனை நாளாகச் சொல்லவில்லை என்று எரிந்து விழுந்தேன்.

"நீங்க எங்கே கேட்டீங்க?" என்றாள்.

பத்து நாளாக ஆபீஸ் முழுக்க நியாயம் கேட்டிருக்கிறேன். கூடவே வந்தவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. வரைபடத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் கூட வரக் கிளம்பினாள். வேண்டாம் என்று நானே உள்ளே போய், "லால் தா, ஜி. மேரி கல்தி" என்றேன்; சிவப்புதான் எரிந்தது, தப்பு என்னுடையது என்று. டெல்லியில் ஓர் அதிகாரி முன்னால் நானாகப் பேசிய முதல் ஹிந்தி அது. அபராதத்தைக் கட்டி லைசென்ஸோடு வெளியே வந்தேன்.

இன்றைக்கும் நான் சொல்வதுதான் சரி என்று கச்சை கட்டிக்கொண்டு கிளம்பும்போது தோளில் அந்தத் தட்டு விழுகிறது; முதலில் போய் அவளைக் கேட்கிறேன்.