சுப்பண்ணன் மைக் பிடித்த சர்வதேசப் போட்டி

அவிநாசி சுப்பண்ணனுக்கு மைக் என்றால் உயிர். ஆனால் பத்தொன்பது வருஷமாக அந்த மைக்கில் அவர் பேசியதெல்லாம் "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்பதோடு சரி. அதற்குள் பேசுவதற்கென்றே யாராவது ஒரு பெரிய மனிதர் வந்து சேர்ந்துவிடுவார். சுப்பண்ணன் மைக்கைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். கல்யாணம், காதுகுத்து, தேர், தேர்தல் என்று சுற்றுவட்டாரத்தில் அவர் குழாய் ஸ்பீக்கர் கட்டாத ஊர் கிடையாது. அவர் குரலை முழுசாகக் கேட்ட ஊரும் கிடையாது.

இதில் அநியாயம் என்னவென்றால், வந்து பேசுகிறவர்களில் முக்கால்வாசிப் பேரைவிட அவர் நன்றாகப் பேசுவார். இதைச் சொன்னது அவர் மனைவி வள்ளியாத்தாள். அவள் புருஷன் என்பதற்காகப் புகழ்கிற ரகம் இல்லை. 'வள்ளி சவுண்ட் சர்வீஸ்' என்று கடைப் பலகையில் அவள் பெயர்தான் இருக்கும்; ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்து கேசட் போடுவதும் ஃபியூஸ் மாற்றுவதும் அவள்தான். மேடையில் யாராவது ஜவ்வாக இழுத்தால், மெல்லச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "கரண்ட் டல்லுங்க" என்று சொல்லும் நெஞ்சழுத்தமும் அவளுக்கு இருந்தது.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் கோயமுத்தூருக்கு அந்தப் போட்டி வந்தது. நேபாளம், பூட்டான், வங்கதேசம், இலங்கை, மாலத்தீவு, நம் இந்தியா என்று ஆறு நாட்டுப் பதினாறு வயதுப் பையன்கள் ஆடும் கால்பந்து. மைக் செட் சுப்பண்ணனுடையது. வர்ணனைக்கு மட்டும் சென்னையிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. புண்ணியவானுக்கு ஆட்டத்துக்கு முதல் நாள் பார்த்துத் தொண்டை கட்டிவிட்டது.

போட்டிக் குழுவின் செயலாளர் பீளமேட்டு மில்காரர் கோவிந்தராஜுலு. அவர் ஸ்டேடியத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டு, ஏணிமேல் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தவரை அண்ணாந்து பார்த்தார்.

"ஏனுங்க சுப்பண்ணா, ஆளு பேரு, கோலு, டைமு, அவ்வளவுதானுங்க. நீங்களே சொல்லிப்போடறீங்களா?"

"சொல்லிப்போடறனுங்க" என்றார் சுப்பண்ணன். ஏணியில் எத்தனை படி இருந்தது என்று அப்புறம் கேட்டால் அவருக்குத் தெரியாது. எப்படி இறங்கினார் என்பதும் தெரியாது. மறுநாள் காலையில் இரண்டு தடவை சவரம் செய்துகொண்டார். "மைக்குல மூஞ்சி தெரியாதுங்க மாமா" என்று வள்ளியாத்தாள் சொன்னதெல்லாம் காதில் ஏறவே இல்லை.

தொடக்க ஆட்டம் இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும். இரண்டு அணியும் வரிசையில் நின்றன. சிறப்பு விருந்தினர் எழுந்து நின்றார். கோவிந்தராஜுலு தேசிய கீதத்துக்குக் கையைக் காட்டினார். சுப்பண்ணன் தலையசைத்தார். வள்ளியாத்தாள் பட்டனைத் தட்டினாள். நாற்பது ஸ்பீக்கரிலும் கணீரென்று கேட்டது பிள்ளையார் பாட்டு.

இதை மறதி என்று சொல்லக் கூடாது. எந்த இடத்தில் மைக் செட் போட்டாலும் முதல் பாட்டு பிள்ளையாருக்கு. இல்லையென்றால் ஆம்ப்ளிஃபயர் புகைந்துவிடும் என்பது தொழிலில் உள்ள அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம். அவர்கள் இருவருக்கும் அது பிளக்கைச் சொருகுவது மாதிரி ஒரு காரியம், அவ்வளவுதான்.

நேபாளத்துப் பையன்கள் இதுதான் இந்த நாட்டுக் கீதம்போல என்று நெஞ்சில் கை வைத்து நின்றார்கள். இந்திய அணியில் பாதிப் பேர் மணிப்பூர், மீதிப் பேர் வங்காளம், கோவா. அவர்கள் இது நேபாளத்துக் கீதம்போல என்று விறைத்து நின்றார்கள். கேலரியில் பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிள்ளையாரைப் பாதியில் நிறுத்த யாருக்குத் துணிச்சல் வரும்? ஏழு நிமிஷம் ஒரு ஸ்டேடியமே ஆடாமல் அசையாமல் நின்றது.

கோவிந்தராஜுலு வியர்த்து வழிய ஓடிவந்தார். "ஏனுங்க, இது ஃபுட்பாலுங்களா, கும்பாபிஷேகமுங்களா? இன்னொரு தப்பு நடந்துதுன்னா மைக்கை வாங்கி வேற ஆளு கையில குடுத்துப்போடுவனுங்க!"

எங்கள் பக்கத்தில் மிரட்டலுக்கும் 'ங்க' உண்டு. அதற்காக மிரட்டல் குறைந்துவிடாது. பத்தொன்பது வருஷம் காத்திருந்து கைக்கு வந்த மைக், ஃபைனல் வரைக்குமாவது தங்க வேண்டாமா? அன்று முதல் காலை ஆறு மணிக்கே வந்து, ஆளில்லாத மைதானத்துக்குப் பிள்ளையார் பாட்டைப் போட்டு முடித்துவிடுவார்கள். நாய்கள் இரண்டு மட்டும் தவறாமல் கேட்டன.

ஆனால் ஆட்டம் தொடங்கிவிட்டால் மனுஷன் வெளுத்து வாங்கினார். ஆஃப்சைடு என்றால் என்னவென்று கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை, அதனால் என்ன? "பந்து இப்ப பூட்டான் தம்பிகிட்ட இருக்குதுங்க, மெதுவாத்தான் போறாருங்க, ஒண்ணும் அவசரமில்லீங்க, ஐயோ, புடுங்கிப்போட்டாங்க!" என்பார். நம் பையன் ஒருவன் காலை வாரிவிட்டபோது, "ஏழாம் நம்பர் கண்ணு, பாத்துங்க, அவரு நம்மூட்டுக்கு வந்த விருந்தாளிங்க" என்றார். ஸ்டேடியம் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. நான்காம் நாள் கூட்டம் இரண்டு மடங்கு. கோல் பார்க்க வந்தவர்கள் பாதி, சுப்பண்ணனைக் கேட்க வந்தவர்கள் பாதி. அவருக்கு வாயெல்லாம் பல்.

ஃபைனல் இந்தியாவுக்கும் மாலத்தீவுக்கும். உட்கார இடமில்லாமல் ஜனம் விளக்குக் கம்பத்தில்கூடத் தொங்கியது. விருந்தினர் நாட்டுக் கீதம் முதலில். வள்ளியாத்தாள் மாலத்தீவு கேசட்டைப் போட்டாள். ஒரு வரி பாடியது. அப்புறம் 'ங்ஙொய்ய்' என்று இழுத்து நின்றுவிட்டது.

மூடியைத் திறந்தால் டேப் இடியாப்பமாக வந்தது. கேசட் ஓட்டையில் பென்சிலை விட்டுச் சுற்றிப் பார்த்தாள். அறுந்தே போனது. அந்தக் கேசட் ஊரிலேயே ஒன்றுதான் இருந்தது.

"போச்சுங்க மாமா" என்றாள் வள்ளியாத்தாள்.

மேடையிலிருந்து கோவிந்தராஜுலு இறங்குவது தெரிந்தது. சுப்பண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போதுதான் அந்தப் பையன்களைப் பார்த்தார். பதினோரு பேரும் நெஞ்சை நிமிர்த்தியபடியே நின்றார்கள், பாட்டு எங்கே என்று ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு. கூப்பிட்ட விருந்தாளிக்கு இலையைப் போட்டுவிட்டுச் சோறில்லை என்று சொன்ன மாதிரி அவருக்கு உடம்பு கூசியது. மைக் போனால் போகிறது என்று முதல் தடவையாக நினைத்தார். நினைத்தபடியே அந்த மைக்கைக் கையோடு எடுத்துக்கொண்டு எல்லைக் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் ஓடினார்.

பத்தடி தூரம் இருக்கையில் ஒயர் முடிந்துவிட்டது.

"ஏனுங்க தம்பீங்களா, ஒயரு எட்டலீங்க, கொஞ்சம் இப்புடி வாங்க. நீங்களே பாடிப்போடுங்க!"

மொழி புரியவில்லை, கை ஜாடை புரிந்தது. அணித்தலைவன் இஜாஸ் என்ற ஒல்லிப் பையன் முன்னால் வந்து மைக்கைப் பார்த்தான். அத்தனை ஆயிரம் பேரையும் பார்த்தான். வாய் திறக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

சுப்பண்ணன் யோசிக்கவே இல்லை. நாலைந்து ஆட்டமாகக் கேட்ட பாட்டு. கேட்ட கேசட் எதையும் மறக்காத காது. கண்ணை மூடிக்கொண்டு அவரே எடுத்துவிட்டார். மெட்டு அட்சரம் பிசகவில்லை. வார்த்தைகளில் பாதி மாலத்தீவு, மீதி சுத்தமான அவிநாசி.

கோல்கீப்பர் பையன்தான் முதலில் களுக்கென்று சிரித்தான். அது வரிசை முழுக்கப் பரவியது. இஜாஸ் சிரிப்பை அடக்க முடியாமல், தன் நாட்டுப் பாட்டைக் காப்பாற்றியே ஆகவேண்டும் என்பவனைப் போல மைக்கைப் பிடுங்கிச் சரியாகப் பாடத் தொடங்கினான். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். குரல் உடைகிற வயசு. ஒருவன் கீச்சென்றான், ஒருவன் கரகரத்தான். பாடப் பாடச் சத்தம் ஏறியது. விளக்குக் கம்பத்தில் தொங்கியவர்கள்கூட ஒரு கையை விட்டு நேராக நிற்கப் பார்த்தார்கள். பாட்டு முடிந்ததும் எழுந்த கைதட்டல், இந்தியாவே கோல் போட்டிருந்தால்கூட அப்படி வந்திருக்காது.

நம் நாட்டுக் கீதமும் முடிந்தபோது கோவிந்தராஜுலு பக்கத்தில் வந்து நின்றிருந்தார். இஜாஸ் திருப்பிக் கொடுத்திருந்த மைக்கைச் சுப்பண்ணன் அவரிடம் நீட்டினார்.

"எனக்கெதுக்குங்க அது?" என்று அவர் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். ஆட்டக்காரர்களின் பெயர்ப் பட்டியல். அவர் கண் கலங்கியிருந்தது. "நேரமாச்சு, ஆரம்பிங்க."

சுப்பண்ணன் மைக்கை வாயருகே கொண்டுபோனார். ஒன், டூ, த்ரீ கூட வரவில்லை. ஸ்டேடியம் காத்திருந்தது.

"பேசுங்க மாமா! இத்தன வருசமா இதுக்குத்தான தவிச்சுக் கெடந்தீங்க!"

ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் டெஸ்டிங்குக்கு வைத்திருந்த இன்னொரு மைக் திறந்திருப்பதை வள்ளியாத்தாள் கவனிக்கவில்லை. நாற்பது ஸ்பீக்கரும் அதை ஊருக்கே சொல்லின. ஸ்டேடியம் இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தது. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சுப்பண்ணனும் சிரித்தார், சிரிப்போடு குரலும் வந்துவிட்டது.

இந்தியா மூன்று கோல், மாலத்தீவு இரண்டு. ஐந்தையும் சுப்பண்ணன் ஒரே மாதிரித் தொண்டை கிழியக் கத்தித்தான் சொன்னார்.