கழுத்தோடு ஓடும் நார்

டோர்வல் விமான நிலையச் சமையலறையை விட்டு நான் நடக்கத் தொடங்கி அரை மணித்தியாலம் ஆகியிருந்தது. ஏப்ரனைக் கழற்றிக் கதவுப் பிடியில் கொழுவிவிட்டு வந்திருந்தேன். இரண்டாயிரத்து நாலு, பெப்ரவரி. வலது சப்பாத்துக்குள் பனி போய்விட்டது. நாளைக் காலையோடு அறை வாடகை முடிகிறது, அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் ரொறன்ரோவுக்கு பஸ் ஏற வேண்டும். அங்கே இருந்த ஒன்றுவிட்ட அண்ணரிடம், இனி உங்கள் வாசல் மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு மொன்றியலுக்கு வந்தவன் நான்.

ஒரு லொறி பக்கத்தில் நின்றது. ஓட்டி வந்தவர் யாழ்ப்பாணத்து ஆள், கோயிலில் கண்ட முகம்.

"என்ன தம்பி, ஹைவே அளக்கிறியோ?"

"வேலையை விட்டிட்டன் அண்ணை."

"நல்லதாப் போச்சு. ஏறு. பலகை இறக்க ஒரு ஆள் வேணும்."

சென்-லோரான் பகுதியில் ஒரு கராஜுக்குப் பின்னால் இருந்தது அந்தப் பட்டறை. முதலாளி என் வயதுப் பெண், கெபெக் மாகாணத்துக்காரி. புருவமெல்லாம் மரத்தூள். உலகப் போர்க் காலத்துத் துப்பாக்கிகளுக்கு, எங்கள் பேச்சில் துவக்குகளுக்கு, புது மரக்கட்டை செய்வது அவருடைய தொழில். இரும்பு அப்படியே இருக்குமாம், அண்ணை சொன்னார். மரத்தைத்தான் வேட்டைக்காரர்கள் வெட்டிக் குட்டையாக்கிவிடுவார்களாம். சேகரிப்பவர்களுக்கு நுனியிலிருந்து தோளில் முட்டுகிற பிடங்கு வரை ஒரே வால்நட் மரத்தில் முழுக் கட்டை வேண்டும். துவக்குப் பிடங்கோடு எனக்கு இருந்த பழக்கமெல்லாம் ஊரில் அடி வாங்கிய முதுகு வழியாகத்தான். அதை யாரோ ஒருவர் பார்த்துப் பார்த்துத் தெரிந்தெடுத்த மரத்தில் செய்திருப்பார் என்று அன்றுதான் யோசித்தேன்.

அறுபது பலகை இறக்கினோம். முதலாளி பன்னிரண்டை எடுப்பார், மிச்சம் லொறியிலேயே திரும்பிப் போகும். தன்னோடு வேலை செய்தவர் போன கிழமை விட்டுப் போய்விட்டார் என்று அவர் சொன்னாராம்; அண்ணை உடனே என்னைக் காட்டிப் பிரெஞ்சில் ஏதோ அளந்தார்.

"நீ மரம் தெரிஞ்சவன் எண்டு சொல்லிப் போட்டன். ஒண்டை எடுத்துக் காட்டட்டாம். சரியா இருந்தா வேலை உனக்கு."

பொய் முழுப் பொய்யில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டபின் வவுனியாவில் மரம் விற்கும் ஒரு மரக்காலையில் இரண்டு வருடம் கூரைக்குப் போடும் பனஞ்சிலாகை சுமந்திருக்கிறேன். பனைக்கு ஒரே கணக்குத்தான்: கறுப்புத்தான் வைரம். கறுத்தது, பாரமானது, தட்டினால் கணீரென்பது. அந்தக் கணக்கிலேயே அறுபதையும் தூக்கிப் பார்த்து, எல்லாவற்றிலும் கறுத்த பலகையை முதலாளி முன்னால் வைத்தேன்.

அவர் துவக்குக் கட்டையின் வடிவில் வெட்டிய அட்டையை அதன்மேல் வைத்தார். விசைக்குப் பின்னால், கை பிடிக்கிற இடத்தில் கட்டை மெலிந்து கழுத்து மாதிரி இருக்கும். அங்கே மரத்தின் நார் குறுக்கே ஓடியது. அந்த இடத்தில் ஒரு கீலம் அறுத்து மேசை விளிம்பில் அடித்தார். பிஸ்கட் மாதிரி முறிந்தது.

"கலியாணம் பேசேக்க வெள்ளை, மரத்துக்குக் கறுப்பு," என்றார் அண்ணை. "நிறத்தை விட்டா எங்கட ஆக்களுக்கு வேற ஒண்டும் தெரியாது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, முகமும் சுட்டது. ஆனால் முறிந்த இடத்தைப் பார்த்ததும் விஷயம் பிடிபட்டுவிட்டது. அட்டையைக் கேட்டு வாங்கினேன். ஈரத் துணியால் துடைத்தால் நார் கோடு கோடாக எழும்பி வந்தது. ஒவ்வொரு பலகையாகத் துடைத்து, அட்டையை வைத்து, கழுத்தை மட்டும் பார்த்தேன். குளிர் மறந்துபோயிற்று. பசியும்தான்.

முதலாளி வேண்டாமென்று ஒதுக்கிய குவியலில் வெளிறிய பலகை ஒன்று கிடந்தது. ஒரு முனையில் புகை சுருண்ட மாதிரி அழகான கோலம், ஆனால் அது குழல் படுக்கிற பக்கம். அந்தச் சுருளோடு மரம் நெளியும், துவக்கு நேராகச் சுடாது. எது முன், எது பின் என்று மரம் அறுத்த மில்லில் சோக்கட்டியால் குறித்திருந்தார்கள். அவர் அந்தக் குறியை நம்பியிருந்தார். நான் அட்டையைத் தலைமாற்றி வைத்தேன். புகைக் கோலம் முழுக்கப் பிடங்குக்குள் விழுந்தது. கழுத்தில் நார் அதன் வளைவோடேயே வளைந்து இறங்கியது. முன்பக்கம் நூல் பிடித்த மாதிரி நேர்.

"முதலாளி அக்காவைக் கூப்பிடுங்கோ அண்ணை," என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

அவர் வந்து குனிந்து பலகையின் மேல்பக்கத்தைப் பார்த்தார். திருப்பிக் கீழ்ப்பக்கத்தைப் பார்த்தார். விளிம்பு இரண்டிலும் விரலால் நாரைத் தொடர்ந்து போனார். பிறகு மில்காரரின் குறியைக் கையால் அழித்துவிட்டுத் தன் குறியைப் போட்டார். போகும்போது அண்ணையிடம் ஏதோ சொன்னார்.

"நாளைக்கு ஏழு மணியாம். நல்ல சப்பாத்தோட வரட்டாம்."

சப்பாத்து அதேதான், உள்ளே பொலித்தீன் பை சுற்றிக்கொண்டு ஆறே முக்காலுக்கே போய் நின்றேன். நான் முதலில் தெரிந்தெடுத்த கறுப்புப் பலகை மேசையில் கிடந்தது. பழைய கட்டைகளின் வெடிப்புக்கு ஒட்டுப் போட அதை விரல் நீளத் துண்டுகளாக அறுக்க வேண்டும். அதுதான் முதல் வேலை. கறுத்துப்போன அந்தக் கட்டைகளோடு கறுப்பு ஒட்டு நன்றாகப் பொருந்தும்.